இந்தியாவுக்கும் சிங்கப்பூருக்கும் காசு மாற்றுவது: திருகோணமலையிலா, கொழும்பிலா, அங்கே போய்த்தானா?

உப்புவெளிக்_காற்று:

எல்லோருக்கும் வணக்கம். அடுத்த மாதம் குடும்பத்தோடு வெளிக்கிடுகிறோம். நான், மனைவி, மகள், அம்மா. பலாலி விமான நிலையத்திலிருந்து சென்னை, பிறகு திருவண்ணாமலை, மதுரை, இராமேஸ்வரம். அம்மாவின் நேர்த்தி, பத்து நாள். திரும்பவும் சென்னைக்கு வந்து அங்கிருந்து சிங்கப்பூர், மச்சான் வீட்டில் 4 நாள். டிக்கெட்டும் அறைகளும் கட்டியாயிற்று. கைச்செலவுக்கு 4 லட்சம் இலங்கை ரூபாய் ஒதுக்கியிருக்கிறேன்.

நேற்று வேலை விட்டு வரும்போது இரண்டு மூன்று இடத்தில் விலை கேட்டேன். அமெரிக்க டொலர் ஓரிடத்தில் 306 ரூபாய், இன்னோரிடத்தில் 305.50. இந்திய ரூபாய் 3.60. சிங்கப்பூர் டொலர் கேட்டதற்கு "நாளைக்கு வந்து பாருங்க" என்றார்கள். கொழும்பில் டொலர் 303க்கு எடுக்கலாம் என்று கூட வேலை செய்பவர் சொல்கிறார். அதற்காகக் கொழும்புக்குப் போய் வரலாமா? டொலராக எடுப்பதா, நேரே இந்திய ரூபாயாக எடுப்பதா? முதல் தடவை வெளிநாடு போகிறேன், திட்டாமல் சொல்லுங்கள்.

மெயில்_ரயில்:

கொழும்பு என்றதும் வந்துவிட்டேன், ஏனென்றால் இந்த முட்டாள் வேலையைப் போன வருடம் நானே செய்திருக்கிறேன். மலேசியா போக 1,000 டொலர் தேவைப்பட்டது. இங்கே விலை 2.50 கூட என்று சொல்லி இரவு ரயில் ஏறினேன். கொழும்புக் கோட்டையில் முதலிகே மாவத்தையில் நாலு கடை ஏறி இறங்கி, நல்ல விலைக்குத்தான் எடுத்தேன். மிச்சம் பிடித்தது 2,500 ரூபாய். ரயில், திரும்பி வர பஸ், ஓட்டோ, காலைச் சாப்பாடு, மத்தியானம் ஒரு கொத்து, ஹபரணையில் தேத்தண்ணீர் எல்லாம் கூட்டினால் ஆறாயிரத்துக்குக் கிட்ட. ஒரு நாள் லீவும் போனது. மனைவி இன்றைக்கும் அந்தக் கொத்தை "டொலர் கொத்து" என்றுதான் சொல்வாள்.

கட்டுநாயக்கா விமான நிலையத்தால் போகிறவர் என்றால் போகிற வழியில் வெள்ளவத்தையிலோ கோட்டையிலோ இறங்கி மாற்றலாம். நீங்கள் பலாலியால் போகிறீர்கள். விட்டுத் தள்ளுங்கள்.

பழைய_கவுண்டர்:

தம்பி, நான் 31 வருடம் வங்கியில் இருந்து ஓய்வு பெற்றவன். கடைசிப் பத்து வருடம் வெளிநாட்டு நாணயப் பிரிவு. அதனால் கொஞ்சம் நீட்டி எழுதுகிறேன்.

பலகையில் இரண்டு விலை இருக்கும். வாங்கும் விலை என்றால் அவர்கள் உங்களிடம் வாங்குவது. விற்கும் விலை என்றால் உங்களுக்கு விற்பது. பயணம் போகிறவருக்கு விற்கும் விலைதான் கணக்கு. முதல் தடவை வருகிற பாதிப் பேர் வாங்கும் விலையைப் பார்த்து "297தானே போட்டிருக்கு" என்று என்னோடு சண்டை பிடித்திருக்கிறார்கள். அந்த இரண்டுக்கும் நடுவில் உள்ள இடைவெளிதான் கடைக்காரரின் வருமானம். அது எவ்வளவு ஒடுக்கமாக இருக்கிறதோ அவ்வளவுக்கு உங்களுக்கு நல்லது. இலங்கை மத்திய வங்கியின் இணையத்தளத்தில் அன்றன்றைய விலை வரும். அதைக் கைபேசியில் திறந்து வைத்துக்கொண்டு கடைக்குப் போங்கள். அதே விலைக்கு உங்களுக்குத் தரமாட்டார்கள். ஆனால் எவ்வளவு தூரம் விலகி நிற்கிறார்கள் என்று தெரியும்.

நோட்டு விலையும் தந்தி மாற்று விலையும், அதாவது வங்கிக் கணக்கு வழியாக அனுப்பும் காசுக்கான விலையும், வேறு. வங்கித் தளத்தில் பார்த்த தந்தி விலையைக் கொண்டுவந்து நோட்டுக்குக் கேட்டால் கிடைக்காது. நோட்டைப் பெட்டியில் வைத்திருப்பதற்கும் கொண்டுவருவதற்கும் செலவு உண்டு.

இந்திய ரூபாயா டொலரா என்ற கேள்விக்கு ஒரு வகுத்தல் போதும். டொலரை 305.50க்கு எடுக்கிறீர்கள், சென்னையில் ஒரு டொலருக்கு 86 தருகிறார்கள் என்று வைப்போம். 305.50ஐ 86ஆல் வகுத்தால் 3.55. இங்கே நேரே எடுத்தால் 3.60. 600 டொலருக்கு 51,600 இந்திய ரூபாய் வரும். அதை இங்கே எடுக்க 1,85,760 வேண்டும். டொலர் வழியாக 1,83,300. வித்தியாசம் 2,460. சென்னைக் கடையில் ஜிஎஸ்டி வரியும் கழிப்பார்கள். அது மாற்றுகிற முழுத் தொகைக்கு இல்லை. ஒரு லட்சம் வரைக்கும் தொகையின் 1 சதவீதத்தை எடுத்து அதற்கு 18 சதவீதம், குறைந்தது 45 ரூபாய். 51,600க்கு 93 ரூபாய்தான். அதைக் கழித்தாலும் டொலர் வழிதான் மலிவு. இது எல்லா நாளும் இப்படித்தான் இருக்கும் என்று இல்லை, அன்றைய விலையை வைத்து நீங்களே வகுத்துப் பாருங்கள்.

ஆனால் கையில் ஒரு இந்திய ரூபாயும் இல்லாமல் இறங்காதீர்கள். நாலு பேருக்கு டாக்ஸி, தண்ணீர், சாப்பாட்டுக்கு ஒரு 10,000 இங்கேயே எடுங்கள். சென்னை விமான நிலையத்துக்குள் மாற்றினால் டொலருக்கு நாலைந்து ரூபாய் சாதாரணமாகப் போய்விடும்.

உப்புவெளிக்_காற்று:

ஐயா, மிக்க நன்றி. இந்திய ரூபாயை இங்கிருந்து கொண்டுபோவது சட்டப்படி சரியா? பிடிப்பார்கள் என்று ஒருவர் பயம் காட்டினார்.

பழைய_கவுண்டர்:

இந்திய ரிசர்வ் வங்கி விதிப்படி வெளிநாட்டிலிருந்து வருபவர் ஆளுக்கு 25,000 இந்திய ரூபாய் வரை கொண்டுவரலாம். பாகிஸ்தான், பங்களாதேஷ் குடிமக்களுக்கு இது இல்லை. அதோடு விமான நிலையம் வழியாக வருபவருக்கு மட்டும்தான். காங்கேசன்துறையிலிருந்து நாகப்பட்டினத்துக்குக் கப்பலில் போகிறவர்கள் கவனிக்க வேண்டிய இடம் அது. நீங்கள் பலாலி, பிரச்சினை இல்லை. இலங்கை ரூபாயும் வெளியே கொண்டுபோக ஆளுக்கு 20,000தான் எல்லை. அதற்கு மேல் பையில் வைத்திருக்காதீர்கள். சென்னையில் அதை மாற்றப் போனால் கேட்கிற விலை வயிற்றெரிச்சலாக இருக்கும்.

புறாத்தீவுப்_போட்:

நான் நிலாவெளியில் படகு ஓட்டுகிறேன். சீசனில் வெள்ளைக்காரர்கள் டொலரும் யூரோவும்தான் நீட்டுவார்கள். அண்ணா, உங்களுக்கு வேண்டுமென்றால் வாங்க, 302க்குத் தருகிறேன். எனக்குக் கடையில் 297தான் தருகிறார்கள். இருவருக்கும் லாபம்.

பழைய_கவுண்டர்:

தம்பி போட், மனது நல்லது, ஆனால் இதைப் பொதுவில் எழுதாதீர். அனுமதி இல்லாத ஆள் வெளிநாட்டு நாணயம் விற்பது 2017ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க வெளிநாட்டுச் செலாவணிச் சட்டத்துக்கு மாறு. வாங்குகிறவருக்கும் ஒரு பற்றுச்சீட்டு இருக்காது. இந்தக் காசு எங்கே வந்தது என்று யாராவது கேட்டால் என்ன காட்டுவார்? அனுமதி பெற்ற மாற்றுநர்களின் பட்டியலை மத்திய வங்கி வெளியிடுகிறது. எல்லா அனுமதியும் ஒரே மாதிரி இல்லை என்பதும் பலருக்குத் தெரியாது. சிலருக்கு வாங்க மட்டும்தான் அனுமதி, விற்க முடியாது. உப்புவெளிப் பக்கம் உல்லாசப் பயணிகளை நம்பி இருக்கிற கடையில் டொலர் கேட்டு "இல்லை" என்றால் அதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கும்.

புறாத்தீவுப்_போட்:

சரி ஐயா, வாபஸ். ஆனால் நோட்டுப் பார்ப்பதைப் பற்றி நான் சொல்லலாம்தானே. அதில் நான் பட்டது உங்கள் வங்கியில்கூடப் பட்டிருக்க மாட்டார்கள்.

போன சீசனில் ஒருவர் 100 டொலர் நோட்டு தந்தார். நல்ல நோட்டு. ஓரத்தில் நீல மையில் ஒரு சின்ன முத்திரை, பொத்தான் அளவுதான் இருக்கும். ஏதோ ஒரு நாட்டு மாற்றுக்காரர் சோதித்துவிட்டுக் குத்தினது. மூன்று கடை ஏறினேன், மூன்றிலும் தலையை ஆட்டிவிட்டார்கள். நாலாவது இடத்தில் 285 என்றார்கள். கொடுத்துவிட்டு வந்தேன். அன்றைக்குப் பிறகு நோட்டை வாங்கியதும் டியூப் லைட்டுக்கு நேரே பிடிப்பேன். 2013க்குப் பிறகு வந்த 100 டொலரில் நடுவில் நீலப் பட்டி ஒன்று இருக்கும், நோட்டைச் சரித்தால் அதற்குள் இருக்கும் மணிப் படம் அசைந்து 100 ஆகும். பிறகு படத்தில் இருக்கிற ஆளின் தோள்பட்டையில் பெருவிரல் நகத்தால் உரசுவேன். அரம் மாதிரிக் கரகரக்கும். கள்ள நோட்டில் அது வழுக்கும்.

நீங்கள் எடுக்கும்போது கடைக்காரர் கட்டை எண்ணித் தந்தால் அப்படியே உறையில் போட்டுக்கொண்டு வராதீர்கள். ஒவ்வொன்றாகப் பிரித்துப் பாருங்கள். முத்திரை, பேனாக் கீறல், மூலை கிழிசல், தலைப் படம் சின்னதாக இருக்கும் பழைய நோட்டு ஒன்றும் வேண்டாம் என்று அங்கேயே திருப்பிக் கொடுங்கள். சங்கடப்படாதீர்கள். இங்கே ஏமாந்தால் சென்னையில் நீங்கள்தான் விழிப்பீர்கள்.

சீனக்குடா77:

போட் சொன்னது நூற்றுக்கு நூறு. நான் 2019இல் பாங்கொக் போனேன். 20 டொலர், 10 டொலர் நோட்டாக 400 டொலர் கொண்டுபோனேன், சில்லறை உதவும் என்று நினைத்து. அங்கே பலகையில் 100க்கு ஒரு விலை, 50க்கு ஒரு விலை, சின்ன நோட்டுக்கு இன்னும் குறைந்த விலை! எவ்வளவு வழிசலாக நின்றேன் தெரியுமா. 100ஆகவே எடுங்கள், புதிதாக எடுங்கள், மடிக்காமல் கொண்டுபோங்கள்.

அப்புறம் வீட்டு அலுமாரியையும் ஒருக்கால் பாருங்கள். எங்கள் அம்மம்மா 2012இல் திருப்பதி போனபோது மிஞ்சிய 500 ரூபாய் நோட்டுகள் ஐந்தாறை சாமிப் படத்துக்குப் பின்னால் வைத்திருந்தார். 2016 நவம்பர் 8 இரவோடு அது வெறும் காகிதம். "சாமிக்கு வைத்த காசு எப்படிச் செல்லாமல் போகும்?" என்று இன்றைக்கும் கேட்கிறார். 2023இல் 2000 ரூபாய் நோட்டையும் புழக்கத்திலிருந்து எடுத்துவிட்டார்கள். அது சட்டப்படி செல்லும், ஆனால் கடையில் வாங்கமாட்டார்கள். யாராவது உங்களுக்கு 2000 நோட்டுத் தர வந்தால் வேண்டாம் என்று சொல்லுங்கள்.

ரொறன்ரோத்_திருமலையான்:

லண்டன் மாமா தந்த பவுண்ட்ஸ் வைத்திருப்பவர்களும் பாருங்கள். காகித 20, 50 பவுண்ட் 2022 செப்டம்பர் 30க்குப் பிறகு கடைகளில் செல்லாது. பாங்க் ஒஃப் இங்கிலாந்தில் எப்போதும் மாற்றலாம்.

எனக்கு விளங்காதது, இந்தக் காலத்தில் ஏன் எல்லோரும் நோட்டையே கட்டிப் பிடிக்கிறீர்கள்? கார்ட் இல்லையா?

உப்புவெளிக்_காற்று:

டெபிட் கார்ட் இருக்கிறது அண்ணா. ஆனால் வங்கி எவ்வளவு வெட்டும் என்று யாருக்கும் தெரியவில்லை. கிளையில் கேட்டதற்கு "அது சிஸ்டம் தானாகப் போடும்" என்றார்கள்.

பழைய_கவுண்டர்:

கேட்க வேண்டிய கேள்விகள் இவை: வெளிநாட்டுப் பாவனைக்கு எத்தனை சதவீதம் மேலதிகம்? ஏடிஎம்மில் எடுத்தால் ஒரு தடவைக்கு எவ்வளவு? ஒரு நாள் எல்லை என்ன? கிளையில் பதில் இல்லாவிட்டால் கட்டண அட்டவணை வங்கியின் தளத்தில் இருக்கும். வீசாவோ மாஸ்டர்கார்டோ போடும் விலை பொதுவாக நல்லது. அதன் மேல் நம் வங்கி ஏற்றுவதுதான் கடிக்கும். வெளிநாட்டுப் பாவனையைத் திறந்துவிடச் சொல்லி வெளிக்கிட முன்னரே சொல்லுங்கள். ஓடிபி வரும் சிம்முக்கு ரோமிங் போடுங்கள். இரண்டையும் மறந்துவிட்டு மதுரையிலிருந்து எனக்கு அழைத்தவர்கள் இருக்கிறார்கள்.

கிரெடிட் கார்டைக் கடையில் பொருள் வாங்கக் கொடுக்கலாம். ஏடிஎம்மில் போட்டுக் காசு எடுக்க வேண்டாம். அன்றைக்கே வட்டி ஓடத் தொடங்கும், எடுத்ததற்கு வேறு கட்டணம்.

ரொறன்ரோத்_திருமலையான்:

அதோடு இன்னொன்று. சிங்கப்பூரில் கார்ட் கொடுத்தால் மெஷின் உங்களிடம் "இலங்கை ரூபாயில் கட்டுகிறீர்களா, சிங்கப்பூர் டொலரில் கட்டுகிறீர்களா" என்று கேட்கும். இலங்கை ரூபாயில் எவ்வளவு என்று அழகாகக் காட்டும். நம் ஊர்க் காசைப் பார்த்ததும் கை தானாக அதற்குப் போகும். அழுத்தாதீர்கள். அந்த விலையை நம் வங்கி போடுவதில்லை, கடைக்கு அந்த மெஷினைக் கொடுத்தவர்கள் போடுவது. சில இடங்களில் 5 சதவீதத்தையும் தாண்டும். எப்போதும் அந்த நாட்டுக் காசையே தெரிவு செய்யுங்கள். ஏடிஎம்மிலும் இதே கேள்வி வரும், "மாற்றுவிலையை ஏற்கவில்லை" என்ற பொத்தானை அழுத்தினாலும் காசு வரும், பயப்பட வேண்டாம்.

கிண்ணியாப்_பாலம்:

அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம். போன வருடம் உம்மாவைக் கூட்டிக்கொண்டு உம்ராப் போனேன். அப்போது மூத்த காக்கா ஒருவர் சொல்லித் தந்த கணக்கு. சவூதி ரியாலை 1986இலிருந்து டொலருக்கு 3.75 என்று கட்டி வைத்திருக்கிறார்கள். அது அசையாது. ஆகவே டொலரின் விலையை 3.75ஆல் வகுங்கள். 305.50 என்றால் 81.47. கடைக்காரர் ரியாலை 82க்குத் தந்தால் ரியாலாக எடுக்கலாம், அலைச்சல் மிச்சம். 84 என்றால் டொலராக எடுத்து மக்காவில் மாற்றுங்கள். அங்கே 3.75க்குச் சொற்பம் குறையத் தருவார்கள். துபாய் போகிறவர்களுக்கு 3.6725ஆல் வகுத்தால் அதே கணக்கு.

எங்கள் பக்கத்தில் கிண்ணியா, மூதூரிலிருந்து ஒரே குழுவாக நாற்பது பேர் போகும்போது எல்லோருக்கும் சேர்த்து ஒரே இடத்தில் எடுப்பார்கள். அப்படி எடுத்தால் விலை பேசலாம். தனி ஆளாக 200 டொலருக்குப் பேசினால் சிரிப்பார்கள்.

மெயில்_ரயில்:

குழுவாக எடுக்கிறது நல்ல யோசனை. 4 லட்சம் என்பது 1,300 டொலருக்குக் கிட்ட. ஐயா, அந்த அளவுக்குப் பேசினால் ஐம்பது சதமாவது இறங்குவார்களா?

பழைய_கவுண்டர்:

கேட்டுப் பார்ப்பதில் குறையில்லை. மாற்றுக்காரர் இறங்குவார், வங்கியில் கிளை முகாமையாளருக்குத்தான் கொஞ்சம் இடம் இருக்கும். ஞாயிறும் போயா (பௌர்ணமி) விடுமுறையும் போகாதீர்கள். வங்கி பூட்டியிருந்தால் கடைக்காரர் அடுத்த நாள் விலைக்குப் பயந்து இடைவெளியை அகட்டி வைப்பார். நம் ஊர்க் கிளைகளில் கையிருப்பும் குறைவு, நாலைந்து நாள் முன்னரே சொல்லி வையுங்கள். கடவுச்சீட்டு, விசா, டிக்கெட் மூன்றையும் கொண்டு போங்கள்.

அனுமதி இல்லாமல் காசு மாற்றுகிற, அனுப்புகிற உண்டியல் ஆட்கள் அழைத்தால் போகாதீர்கள். 2022 மார்ச்சில் 200 ஆக இருந்த டொலர் மே மாதம் 360 வரை ஓடியபோது கடைப் பலகையில் ஒரு விலை, தெருவில் ஒரு விலை என்று கிடந்தது. அப்போது பழகிய பழக்கம் சிலருக்கு இன்னும் விடவில்லை. இன்றைக்கு அந்த வித்தியாசமும் இல்லை, ஆபத்து மட்டும் மிச்சம்.

உப்புவெளிக்_காற்று:

இன்னொன்று. தங்கச்சி கனடாவில். பயணச் செலவுக்கு 1,500 கனடா டொலர் அனுப்புகிறேன் என்கிறாள். வழமைபோல் ரூபாயாக வரட்டும் என்று சொல்லவா?

பழைய_கவுண்டர்:

பொறுங்கள், அனுப்பச் சொல்லிவிட்டீர்களா? இதில்தான் நம் ஆட்கள் அதிகம் இழக்கிறார்கள். தங்கச்சி அனுப்பும் கனடா டொலரை வங்கி 214க்கு வாங்கி உங்களுக்கு ரூபாய் தரும். அடுத்த கிழமை நீங்கள் அதே வங்கிக்குப் போய் 224க்கு டொலர் வாங்குவீர்கள். ஒரு டொலருக்கு 10 ரூபாய், 1,500 டொலருக்கு 15,000 ரூபாய். காசு கட்டடத்தை விட்டு வெளியே போகவேயில்லை!

தனிநபர் வெளிநாட்டு நாணயக் கணக்கு என்று ஒன்று இருக்கிறது. அடையாள அட்டையோடு போய்த் திறக்கலாம். வருகிற காசு டொலராகவே அதில் நிற்கும், பயணத்துக்கு டொலராகவே எடுக்கலாம். நோட்டாக எடுக்க வங்கி சிறு தரகு கேட்கும், எவ்வளவு என்று திறக்க முன்னர் கேளுங்கள். கனடா டொலருக்குச் சென்னையில் அமெரிக்க டொலர் அளவுக்கு மவுசு இல்லை. ஆகவே அங்கிருந்தே அமெரிக்க டொலராக அனுப்ப முடியுமா, அவர்கள் வங்கி அதற்கு என்ன வெட்டுகிறது என்று தங்கச்சி பார்க்கட்டும்.

உப்புவெளிக்_காற்று:

இதை யாரும் எனக்குச் சொன்னதில்லை ஐயா. ஆறு வருடமாகக் காசு வருகிறது.

ரொறன்ரோத்_திருமலையான்:

ஐயா, நானும் பதினொரு வருடமாக அம்மாவுக்கு ரூபாயாகத்தான் அனுப்புகிறேன். அம்மா வீட்டுச் செலவுக்கு எடுப்பதால் பரவாயில்லை. ஆனால் போன வருடம் இந்தியா போக அனுப்பியதை நினைத்தால்… சரி விடுவோம்.

(இரண்டு மாதத்துக்குப் பிறகு)

உப்புவெளிக்_காற்று:

போய் வந்துவிட்டோம். கடமைக்கு எழுதுகிறேன், யாருக்காவது உதவும்.

தங்கச்சியின் காசு புதுக் கணக்கில் அமெரிக்க டொலராக வந்தது. 1,070 வரை நின்றது. அதில் 900ஐ 100 டொலர் நோட்டாக எடுத்தேன். கவுண்டரில் நின்று ஒவ்வொன்றாகப் பார்த்ததில் பின்னால் வரிசை முறைத்தது. ஒரு நோட்டில் பேனாவால் ஏதோ எண் எழுதியிருந்தது, திருப்பிக் கொடுத்து வேறு வாங்கினேன். இந்திய ரூபாய் 10,000 இங்கே எடுத்தேன். ஒதுக்கிய 4 லட்சத்தில் பாதிக்கு மேல் கைபடவே இல்லை.

சென்னையில் முதல் நாள் மாற்றவில்லை. அடுத்த நாள் தி. நகரில் மூன்று கடை கேட்டு 500 டொலர் மாற்றினேன். முதல் கடைக்கும் மூன்றாவதற்கும் டொலருக்கு 70 பைசா வித்தியாசம், மூன்றுமே ஒரே தெரு. சிங்கப்பூர் டொலர் அங்கே வாங்கவில்லை. 400 டொலரையும் அப்படியே கொண்டுபோய் முஸ்தபா சென்டர் பக்கம் மாற்றினேன்.

தவறு ஒன்று நடந்தது. இந்தியாவில் எல்லாம் கியூஆர் கோட். திருவண்ணாமலையில் இளநீர்க்காரர்கூட 500 ரூபாய் நோட்டைப் பார்த்துவிட்டு "ஃபோன்ல போடுங்களேன்" என்றார். நம்மிடம் அது இல்லை. வெளிநாட்டவருக்கு யூபிஐ ஒன் வேர்ல்ட் என்று ஒரு வாலட் இருப்பதை மதுரையில்தான் அறிந்தேன், அதற்குள் பயணம் பாதி முடிந்துவிட்டது. கடைசியில் சில்லறைக்காகவே ஒரு நாளைக்கு இரண்டு தடவை தேத்தண்ணீர் குடித்தோம். போகிறவர்கள் இதை முதல் நாளே பாருங்கள்.

இராமேஸ்வரத்தில் ஏடிஎம்மில் ஒரு தடவை எடுத்தேன், மாற்றுவிலை கேட்டது, ஏற்கவில்லை என்று அழுத்தினேன். காசு வரும் வரைக்கும் அம்மா என் சட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

சீனக்குடா77:

வடிவாகப் போய் வந்திருக்கிறீர்கள். இந்திய ரூபாய் மிச்சம் இருக்கா?

உப்புவெளிக்_காற்று:

சென்னை விமான நிலையத்தில் மாற்றச் சீட்டுக் கேட்டார்கள். தி. நகர்க் கடைச் சீட்டை வைத்திருந்ததால் மாற்ற முடிந்தது, விலைதான் அநியாயம். அதனால் கொஞ்சம்தான் மாற்றினேன். 1,340 இந்திய ரூபாயும் 42 சிங்கப்பூர் டொலரும் இருக்கிறது. சிங்கப்பூர் சில்லறைக் காசு ஒரு பிடி, அதை யாரும் வாங்கமாட்டார்களாம். மகள் உண்டியலில் போட்டுவிட்டாள்.

பழைய_கவுண்டர்:

எந்த உண்டியல் தம்பி?

உப்புவெளிக்_காற்று:

மண் உண்டியல் ஐயா, பன்றிக்குட்டி.